எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? ஃபார்மேட் பட்டனைத் தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டிஸ்க்கைச் செருகுகிறீர்கள். வழக்கமாக வரும் சத்தம் வரவில்லை, அல்லது சத்தம் வந்தும் திரையில் எதுவும் தோன்றவில்லை. கழற்றி மறுபடி செருகுகிறீர்கள். இன்னொரு தடவை. அப்புறம் கொஞ்சம் அழுத்தி. இந்த இடத்தில்தான் பலரும் பதறிப்போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் கிளிக் செய்து, ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய சின்னக் கோளாறைப் பெரிய செலவாக்கிக்கொள்கிறார்கள்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: அந்த டிஸ்க்கில் இருப்பவை வேறு எங்காவது இருக்கின்றனவா? இருந்தால் கவலையே இல்லை, கீழே சொல்லும் எதையும் எந்த வரிசையிலும் செய்து பாருங்கள். இல்லையென்றால் வரிசை முக்கியம். டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட எழுதாத சோதனைகளை முதலிலும், எழுதக்கூடியவற்றைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். 'சரி, நேரா கடைசிக்கே போய்டலாம்' என்று தாவாதீர்கள்.

'தெரியவில்லை' என்றால் எந்தத் தெரியவில்லை?

உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெட்டிக்குள் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று உண்மையான டிஸ்க். இன்னொன்று அதன் சாட்டா (டிஸ்க் கம்ப்யூட்டருக்குள் பேசும் இணைப்பு முறை) பேச்சை யுஎஸ்பி பேச்சாக மாற்றிக்கொடுக்கும் சின்ன பிரிட்ஜ் போர்டு (சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் இரண்டும் ஒரே பலகையில் இருக்கும், அதைப் பிறகு பார்ப்போம்). போர்ட், கேபிள், பிரிட்ஜ், டிஸ்க், பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி), ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே என்று குறித்து வைக்கும் முறை), கடைசியாக டிரைவ் லெட்டர் (விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் எழுத்து) என்று இது ஒரு சங்கிலி. எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

விளக்கே எரியவில்லை, சத்தமே இல்லை என்றால் கோளாறு சங்கிலியின் முதல் மூன்று கண்ணிகளில் இருக்க வாய்ப்பு அதிகம். விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்றுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் வாய் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள் அல்லது பிரிட்ஜ். டிஸ்க் மேனேஜ்மென்டில் (விண்டோஸில் டிஸ்க்குகளைக் காட்டும் கருவி, படி 4-இல் வரும்) தெரிகிறது, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள், பல நேரம் ஒரு நிமிட வேலைதான். டிரைவ் தெரிகிறது, திறந்தால் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்கிறது என்றால் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள். மக்கள் தங்கள் தகவல்களைத் தாங்களே தொலைப்பது இங்கேதான்.

படி 1: காது கொடுத்துக் கேளுங்கள்

சுற்றும் வகை டிஸ்க்காக இருந்தால் மேசையில் தட்டையாக வைத்துச் செருகி, மேலே விரல் நுனியை வையுங்கள். மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும், 'விர்ர்' என்று ஏறி ஒரு நிலைக்கு வர வேண்டும். அப்படி வந்தால் மோட்டார் வேலை செய்கிறது. (சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால் சத்தமே இருக்காது, அடுத்த படிக்குப் போங்கள்.)

'டக்... டக்... டக்...' என்று கடிகாரம் போல ஒரே தாளத்தில் அடித்தால் உடனே கழற்றுங்கள். படிக்கும் தலைப்பகுதி தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறுகிறது என்று அர்த்தம். அந்தத் தலைப்பகுதி வேலை செய்யும்போது, தகவல் பதிந்திருக்கும் தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. சேதமான தலையோடு ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அது தட்டைச் சுரண்டக்கூடும், சுரண்டிய இடத்தில் இருந்த தகவலை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தகவல் முக்கியமென்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு இங்கேயே முடிந்தது, தகவல் மீட்பு செய்பவர்களிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது, ஓரத்தில் தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும், மூடியைத் திறந்தால் ஒரு தூசித் துணுக்கே அந்த நானோமீட்டர் இடைவெளிக்கு மலை மாதிரி.

மெல்லிய 'பீப் பீப்' கேட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: மின்சாரம் போதவில்லை, அல்லது தலைப்பகுதி தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டாரைச் சுற்றவிடவில்லை. முதலாவதுக்கு அடுத்த படியில் வழி இருக்கிறது. நல்ல கேபிளும் நல்ல போர்ட்டும் கொடுத்த பிறகும் பீப் நிற்கவில்லை என்றால் இரண்டாவதுதான் என்று வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

படி 2: கேபிள், போர்ட், மின்சாரம்

இதை யாரும் நம்ப மாட்டார்கள், 'கேபிள் நல்லாதான் இருக்கு' என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு முழுச் சாயங்காலம் டிரைவர்களை (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) அழித்து, திரும்பப் போட்டு, விண்டோஸையே மறுபடி நிறுவலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய், கடைசியில் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கேபிளைப் போட்டதும் டிஸ்க் எழுந்து உட்கார்ந்தது. பழுதான கேபிளிலும் விளக்கு எரியும், ஏனென்றால் மின்சாரம் போகும் கம்பிகள் வேறு, தகவல் போகும் கம்பிகள் வேறு. விளக்கு எரிவது கேபிளுக்கு நற்சான்றிதழ் இல்லை.

யுஎஸ்பி 3 போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில் இரண்டு பாகமாகப் பிளந்த மாதிரி இருக்கும் அந்தத் தட்டையான மைக்ரோ-பி முனையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தளர்ந்துபோவதில் அதற்கு இணை இல்லை. மாற்றுக் கேபிள் கையில் இல்லையா? ஒரு தந்திரம்: அந்த இரட்டைத் துளையின் பெரிய பாதியில், பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு வந்த சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கேபிள் அப்படியே பொருந்தும். யுஎஸ்பி 2 வேகத்தில்தான் ஓடும், ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும், அவசரமான ஃபைல்களை எடுக்கவும் போதும். ஒரே நிபந்தனை, அது தகவல் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களில் தகவல் கம்பிகளே கிடையாது. டைப்-சி கேபிள்களிலும் எல்லாம் ஒரே முனைதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஃபோன் சார்ஜரோடு வந்ததை நம்பாமல் டிஸ்க்கோடு வந்ததைத் தேடுங்கள்.

அடுத்தது மின்சாரம். யுஎஸ்பி 2 போர்ட் விதிப்படி 500 மில்லிஆம்ப் தரும், யுஎஸ்பி 3 போர்ட் 900. இரண்டரை அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்பதைவிட, நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் அதிகமாகக் கேட்கும். அதனால்தான் பழைய போர்ட்டில் அல்லது தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் செருகினால் தொடங்கி, தடுமாறி, நின்று, மறுபடி தொடங்கும். ஹப், நீட்டிப்பு கேபிள், கீபோர்டில் இருக்கும் போர்ட், மானிட்டரில் இருக்கும் போர்ட் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கம் வேண்டாம், அந்தப் போர்ட்கள் உள்ளே ஒரு நீளமான ஒயரைத் தாண்டித்தான் மதர்போர்டுக்குப் போகின்றன, பின்பக்கம் செருகுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் போட்டுவிட்டு முயலுங்கள்.

மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் இருக்கும், வழக்கமாக 12 வோல்ட். டிஸ்க்கைவிட அடாப்டர் முதலில் போவது சாதாரணம். வயதான அடாப்டர் விளக்கை எரிய வைக்கும், மோட்டாரைச் சுற்ற வைக்க அதற்குத் தெம்பு இருக்காது. மாற்று அடாப்டர் போடும்போது வோல்ட் அதே எண்ணாகவும், ஆம்ப் அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ, முனையின் உள்-வெளி துருவம் அதே மாதிரியாகவும் இருக்க வேண்டும். பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகி போர்டைக் கருக்கியவர்கள் இருக்கிறார்கள். முனை பொருந்திவிட்டதால் மட்டும் வோல்ட் பொருந்திவிடாது.

படி 3: வேறொரு கம்ப்யூட்டர்

இதை இவ்வளவு சீக்கிரம் சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு சோதனை பாதி சந்தேகங்களை ஒரே வெட்டில் தீர்த்துவிடும். அங்கே தெரிகிறது என்றால் டிஸ்க் மேல் பழியில்லை, உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்பில்தான் ஏதோ. அங்கேயே தேவையானதை நகலெடுத்துவிட்டு நிதானமாக வீட்டுக்கு வந்து மற்றதைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் டிரைவர் மாற்றும் வேலையில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

கூடவே உங்கள் கம்ப்யூட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது அல்ல, ரீஸ்டார்ட். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் முழுசாக அணைவதில்லை, உள்ளே சிக்கிய யுஎஸ்பி நிலை அப்படியே திரும்பி வரும்.

படி 4: டிஸ்க் மேனேஜ்மென்ட்

விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்ததும் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல் கொடுங்கள். இப்போதைக்குப் பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறோம். கீழ்ப்பாதியில் உங்கள் டிஸ்க்கின் கொள்ளளவை வைத்து அதை அடையாளம் காணுங்கள்.

பட்டை நீலமாக, 'ஹெல்தி' என்று எழுதியிருக்கிறது, ஆனால் டிரைவ் லெட்டர் இல்லை. இதுதான் அந்த ஒரு நிமிட வேலை. பட்டை மேல் வலது கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', 'ஆட்', பட்டியலின் பின்பக்கத்திலிருந்து ஒரு எழுத்து, ஓகே. அலுவலகக் கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் டிரைவ் ஒன்று அதே எழுத்தைப் பிடித்து வைத்திருப்பதால் மோதல் வருவது உண்டு, அதற்குத்தான் பின்பக்க எழுத்து. ஒவ்வொரு தடவை செருகும்போதும் எழுத்து காணாமல் போனால் ஆட்டோமவுன்ட் (செருகியதும் தானாக எழுத்துக் கொடுக்கும் அமைப்பு) அணைந்திருக்கலாம். விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'ஆட்டோமவுன்ட் எனேபிள்' என்று கட்டளை கொடுத்தால் சரியாகும். 'ஆஃப்லைன்' என்று இருந்தால் டிஸ்க் பெயர் மேல் வலது கிளிக் செய்து ஆன்லைன் ஆக்குங்கள்.

எழுத்து இல்லாமல் 'ஹெல்தி' என்று இருந்து, லெட்டர் கொடுக்கவும் விடவில்லை அல்லது கொடுத்ததும் ஃபார்மேட் கேட்கிறது என்றால், அந்த டிஸ்க் இதற்கு முன் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். மேக்கில் பயன்படுத்தியதா? மேக்கின் ஏபிஎஃப்எஸ், எச்எஃப்எஸ் பிளஸ், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஆகிய ஃபைல் சிஸ்டங்கள் எதையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. டிவியில் நிகழ்ச்சி பதிவு செய்யப் பயன்படுத்தியதா? பல டிவிகள் தங்களுக்கென்று வேறு விதமாக ஃபார்மேட் செய்துகொள்ளும். இவையெல்லாம் கெட்டுப்போன டிஸ்க் அல்ல, படிக்கத் தெரியாதவர் கையில் மாட்டிக்கொண்ட டிஸ்க்.

'நாட் இனிஷியலைஸ்டு' அல்லது முழுவதும் கறுப்பாக 'அன்அலோகேட்டட்'. கடையிலிருந்து பிரித்த புது டிஸ்க் என்றால் இது இயல்புதான், இனிஷியலைஸ் செய்யுங்கள், ஜிபிடி என்ற பார்ட்டிஷன் பட்டியல் முறையைத் தேர்ந்தெடுங்கள் (பழைய எம்பிஆர் முறையில் வழக்கமாக 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது), நியூ சிம்பிள் வால்யூம் போடுங்கள், முடிந்தது. ஆனால் நேற்றுவரை தகவல் இருந்த டிஸ்க் இப்படிக் காட்டினால் பார்ட்டிஷன் பட்டியல் அழிந்திருக்கிறது, அல்லது டிஸ்க்கை ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. இனிஷியலைஸ் செய்தால் அந்தப் பட்டியல் இருந்த இடத்தில் புதிதாக எழுதிவிடும். செய்யாதீர்கள், படி 6-க்குப் போங்கள்.

கொள்ளளவே காட்டாமல் 'நோ மீடியா' என்று வந்தால் பிரிட்ஜ் பேசுகிறது, அதன் பின்னால் இருக்கும் டிஸ்க் பதில் சொல்லவில்லை. மென்பொருளால் தீராது.

படி 5: டிவைஸ் மேனேஜர்

டிஸ்க் மேனேஜ்மென்டில் எதுவுமே வரவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். கம்ப்யூட்டரோடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு டிஸ்க்கைச் செருகுங்கள், கழற்றுங்கள். பட்டியல் ஒரு தடவை துடித்துப் புதுப்பித்தால் கம்ப்யூட்டருக்கு ஏதோ வந்தது தெரிகிறது. துடிக்கவே இல்லையென்றால் படி 2-க்குத் திரும்புங்கள்.

'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்', கூடவே 'டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று வந்தால், கம்ப்யூட்டர் 'யார் நீ?' என்று கேட்டது, ஒழுங்கான பதில் வரவில்லை. கோட் 43 என்ற பிழை எண் அடிக்கடி இதோடுதான் வரும். பெரும்பாலும் கேபிள், போர்ட், பிரிட்ஜ் மூன்றில் ஒன்று. மஞ்சள் முக்கோணத்தோடு டிஸ்க்கின் பெயரே தெரிகிறது என்றால் அதன் மேல் வலது கிளிக், அன்இன்ஸ்டால் டிவைஸ், கேபிளைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகுங்கள். பயப்பட வேண்டாம், அழிவது டிரைவர் பதிவு மட்டும்தான், உங்கள் ஃபைல்கள் அல்ல. டிரைவர் அப்டேட் செய்துதருவதாகச் சொல்லும் மென்பொருள்களை இறக்க வேண்டாம். யுஎஸ்பி டிஸ்க்குக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது.

தெரிகிறது, பத்து நிமிடம் கழித்துக் காணாமல் போகிறது என்ற ரகமா? பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (மின்சாரம் மிச்சப்படுத்த யுஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும் அமைப்பு) என்பதை அணைத்துப் பாருங்கள்.

படி 6: 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்தலாம்'

டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ரா' என்று காட்டும். ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பக்கம் கிழிந்த நிலை. புத்தகம் உள்ளே இருக்கலாம், அட்டவணைதான் படிக்க முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால், மின்சாரம் போனால் இப்படி ஆகும். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1809 முதல் வெளி டிஸ்க்குகளுக்கு 'குவிக் ரிமூவல்' (எஜெக்ட் செய்யாமலே கழற்ற விடும் அமைப்பு) இயல்பாக இருக்கிறது, அதனால் ஆபத்து குறைந்திருக்கிறதே தவிர, நகலெடுக்கும் பாதியில் பிடுங்கினால் அதனாலும் காப்பாற்ற முடியாது.

இணையத்தில் தேடினால் முதல் அறிவுரை, 'செக் டிஸ்க் ஓட்டுங்கள்' என்பதாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. செக் டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது, உங்கள் ஃபைல்களைக் காப்பது அல்ல. பொருந்தாத பதிவுகளை அது வெட்டித் தள்ளும், அதுவும் டிஸ்க்கின் மேலேயே எழுதி. நகல் எடுத்த பிறகு தாராளமாக ஓட்டுங்கள், அதற்கு முன் கூடாது.

சரியான வரிசை இது. முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் ஸ்மார்ட் எண்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் எண்களைப் பார்த்துக் குறித்து வையுங்கள். செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதி. ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), கரன்ட் பெண்டிங் செக்டர் (படிக்கத் தடுமாறுபவை), அன்கரெக்டபிள் செக்டர் (படிக்கவே முடியாதவை) மூன்றும் பூஜ்யம் என்றால் உடல்நிலை பரவாயில்லை, ஃபைல் சிஸ்டம்தான் குழம்பியிருக்க வாய்ப்பு அதிகம். பெண்டிங் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது.

அடுத்து, முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு அச்சு மாறாமல் இமேஜ் (முழு நகல்) எடுங்கள். அதே அளவோ பெரிதாகவோ காலி இடம் வேண்டும், நேரமும் நிறைய ஆகும். பழுதான டிஸ்க்குகளை நகலெடுக்க லினக்ஸில் இருக்கும் குனு டிடிரெஸ்க்யூ கருவி மாதிரி எதுவும் இல்லை என்பேன்: நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் மூலம் எது, இலக்கு எது என்று மூன்று தடவை பாருங்கள், தலைகீழாகக் கொடுத்தால் காலி டிஸ்க்கை உங்கள் தகவல் மேல் எழுதிவிடும்.

பிறகு அந்த இமேஜின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை ஓட்டுங்கள். தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிக் கண்டுபிடிக்கும், ஃபைல்களைப் பட்டியலிட்டு வேறிடத்துக்கு நகலெடுக்க விடும். அது முடியாதபோது அதோடு வரும் ஃபோட்டோரெக், பெயர்களும் ஃபோல்டர்களும் இல்லாமல் ஃபைல்களை மட்டும் தோண்டி எடுக்கும். இரண்டும் இலவசம். மீட்ட ஃபைல்களை ஒருபோதும் அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக: ஃபார்மேட் கொடுத்துவிட்டு 'அப்புறம் மீட்டுக்கலாம்' என்ற கணக்கு அங்கே பல நேரம் செல்லாது. டிரிம் கட்டளை (எந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குக் கம்ப்யூட்டர் சொல்வது) போய்விட்டால் தகவலை எஸ்எஸ்டியே உள்ளுக்குள் துடைத்துவிடும்.

மேக், லினக்ஸ்

மேக்கில் முதலில் ஃபைண்டர் அமைப்பில் 'எக்ஸ்டர்னல் டிஸ்க்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள், டிஸ்க் நலமாக இருந்தும் இது அணைந்திருந்தால் கண்ணில் படாது. ஆப்பிளின் சொந்த சிப் (ஆப்பிள் சிலிக்கான்) உள்ள லேப்டாப்பில், மேக்ஓஎஸ் வென்ச்சுரா பதிப்பு முதல் புதிய துணைக்கருவியை அனுமதிக்கலாமா என்று கேட்கும், அவசரத்தில் மறுத்திருந்தால் தகவல் தொடர்பு கிடைக்காது. டிஸ்க் யூட்டிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' போட்டு, பெயர் மங்கலாகத் தெரிந்தால் மவுன்ட் (டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் திறப்பது) கொடுங்கள். முந்தைய தடவை சரியாக எஜெக்ட் செய்யாத பெரிய டிஸ்க் என்றால் மேக் சத்தமில்லாமல் பின்னணியில் அதைச் சோதித்துக்கொண்டிருக்கும். ஆக்டிவிட்டி மானிட்டரில் 'எஃப்எஸ்சிகே' என்று தொடங்கும் பெயர் ஓடினால் பொறுமையாக விட்டுவிடுங்கள், முடிந்ததும் தானாக வரும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க் தெரிகிறது, எழுத மட்டும் முடியவில்லை என்றால் அது கோளாறே அல்ல, மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்க மட்டும்தான் செய்யும். இரண்டு பக்கமும் புழங்க வேண்டிய டிஸ்க்கை, இரண்டுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்த எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டத்தில் வைத்துக்கொள்வது எளிது.

லினக்ஸில், விண்டோஸில் இருந்து வந்த டிஸ்க் மவுன்ட் ஆக மறுத்தால், பெரும்பாலும் விண்டோஸ் அதை முழுதாக மூடாமல் விட்டிருக்கும். விண்டோஸில் ஒரு தடவை செருகி, முறையாக எஜெக்ட் செய்து கொண்டுவருவதுதான் பாதுகாப்பான வழி.

படி 7: பெட்டியைத் திறக்கலாமா?

வாரன்டி இருந்தால் வேண்டாம். இல்லையென்றால், பிரிட்ஜ் போர்டு மேல் சந்தேகம் வலுவாக இருந்தால், பெட்டியின் பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்து டிஸ்க்கை மட்டும் எடுத்து வேறொரு சாட்டா-யுஎஸ்பி அடாப்டரில் போட்டுப் பார்க்கலாம். ஓட்டைத் திறப்பது வேறு, டிஸ்க்கின் உலோக மூடியைத் திறப்பது வேறு. இரண்டாவதைத் தொடவே கூடாது.

மூன்று ஏமாற்றங்களுக்குத் தயாராக இருங்கள். சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் சாட்டா முனையே இருக்காது, யுஎஸ்பி துளை நேராக டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் நீங்கள் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும் பிரிட்ஜ் எல்லாவற்றையும் பூட்டி எழுதும், அந்தப் பிரிட்ஜ் இல்லாமல் படித்தால் குப்பை எழுத்துகள்தான் வரும். மூன்றாவது இன்னும் நுட்பமானது: பெரிய டிஸ்க்குகளில் சில பெட்டிகள் செக்டரை 512 பைட்டுக்குப் பதில் 4096 என்று காட்டிப் பார்ட்டிஷன் போட்டிருக்கும். வெளியே எடுத்து நேராகச் செருகினால் கணக்கு இடித்து 'ரா' அல்லது காலி என்று காட்டும். தகவல் அப்படியே இருக்கும், அதே மாதிரிப் பெட்டி ஒன்றில் திரும்பப் போட்டால் தெரியும். இது தெரியாமல் 'காலிதானே' என்று ஃபார்மேட் செய்தவர்களை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எல்லாம் சரியாகி டிஸ்க் திரும்ப வந்துவிட்டதா? ஃபைல்களை வெளியே எடுத்தபின் முழு ஃபார்மேட் ஒன்று போடுங்கள், குவிக் அல்ல, முழுசு. மணிக்கணக்கில் ஓடும், ஆனால் ஒவ்வொரு செக்டரையும் தொட்டுப் பார்க்கும். அதன்பின் ஸ்மார்ட் எண்களை மறுபடி பார்த்து, முன்பு குறித்து வைத்ததோடு ஒப்பிடுங்கள். மாறவில்லையென்றால் கேபிளை மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு தொடர்ந்து பயன்படுத்தலாம். ரீஅலோகேட்டட் எண் ஏறியிருந்தால், தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற சினிமா ஃபைல்களுக்கு அதை ஒதுக்கிவிடுங்கள்.